புழு சாகவில்லை, சாப்பிடவும் இல்லை

தை மாதக் கடைசி. வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் சித்தப்பாவின் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சித்தப்பா ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில் இலை தின்னும் புரோடீனியா புழு, உயிரோடு.

“பாரு, நெளியுது. இதுக்கா ராத்திரி பூரா ஊறப்போட்டு வடிகட்டினோம்?”

புழுவை விட்டுவிட்டு இலையைப் பார்க்கச் சொன்னேன். பழைய ஓட்டைகளின் ஓரம் காய்ந்து பழுப்பேறியிருந்தது. பச்சையாகப் புதுக்கடி ஒன்றுகூட இல்லை. கீழே புழுக்கையும் இல்லை. இரண்டு நாளாக அது சாப்பிடவே இல்லை.

கடையில் வாங்கும் பூச்சிமருந்துகள் பெரும்பாலும் நரம்பைத் தாக்குகின்றன. புழு சில மணி நேரத்தில் சுருண்டு விழும். வேம்பின் வழி வேறு. வேப்பம்பருப்பில் உள்ள அசாடிராக்டின் முதலில் புழுவின் வாயருகே உள்ள சுவை உணர்விகளைத் தொட்டு, ‘இது தின்னக்கூடாதது’ என்ற சேதியை அனுப்புகிறது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது மற்ற பச்சையெல்லாம் போக, வேப்பமரங்கள் மட்டும் நின்றன. அதைக் கவனித்த ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் பிறகு வேம்பு ஆராய்ச்சியிலேயே பல ஆண்டுகள் செலவிட்டார்.

மீறித் தின்றால் அடுத்த அடி. புழு வளர வேண்டுமானால் சட்டையை உரித்தாக வேண்டும். அதற்கு எக்டைசோன் என்ற ஹார்மோன் சரியான வேளையில் சுரக்க வேண்டும். அதைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளையை அசாடிராக்டின் தடுத்துவிடுகிறது. ஆறாம் நாள் சித்தப்பாவே ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். பழைய தோல் பாதி உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளேயே செத்திருந்தது.

இலையைத் தின்னும் பூச்சிக்குத்தான் இந்த அடி முழுசாக விழும். பிற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் சிலந்திக்கும் பொறிவண்டுக்கும் பாதிப்பு குறைவு. எனக்கு வேம்பின் மேல் இவ்வளவு மதிப்பு வந்ததே இதனால்தான்.

கரைசல் செய்வது எளிது. 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, பால் போல வரும்வரை கலக்கி வடிகட்ட வேண்டும். அப்புறம் 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். ஆனியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டையாக இருப்பது நல்லது. எட்டு மாதம் தாண்டினால் வீரியம் போய்விடும். சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். புற ஊதாக் கதிர் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும், வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, அசாடிராக்டினை ஆய்வகத்தில் செய்துகொள்ள முடியாதா? 2007இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழு செய்து காட்டியது. 22 ஆண்டு உழைப்பு, 71 படிகள். அதனால் இன்றைக்கும் மரம்தான் தொழிற்சாலை.

வளர்ச்சியைப் பாதி வழியில் நிறுத்தும் இந்த வித்தை பயிருக்கு மட்டும் உதவுவதல்ல. கொல்லை வரப்பில் நித்யகல்யாணி பூத்துக் கிடந்தது. ஆடுகூட வாய் வைக்காத செடி. மடகாஸ்கரிலிருந்து வந்த இதைச் சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாகப் பல நாடுகளில் குடித்துவந்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபிலும் சார்லஸ் பீரும் இதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள்தான் குறைந்தன. அந்தத் தடத்தில் போய் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் உறவான வின்கிறிஸ்டின் அடுத்து வந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து அது.

செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்ணிய இழைகள் சாரம் போல எழும்பி, குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும். வின்கிறிஸ்டின் அந்தச் சாரத்தை எழும்பவிடாது. செல் பிரிய முடியாமல் நடுவழியில் நின்று சாகும், தோலுரிக்க முடியாத அந்தப் புழுவைப் போல.

“அப்ப நாலு இலையை மென்னா நல்லதுதானே?” என்றார் சித்தப்பா. வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அந்த இலையில் வின்கிறிஸ்டின் போன்ற வீரியமான வேதிப்பொருள்கள், அதாவது ஆல்கலாய்டுகள், நூற்றுக்கும் மேல் கலந்து கிடக்கின்றன. எந்த இலையில் எது எவ்வளவு என்று நாக்குக்குத் தெரியாது. வின்கிறிஸ்டின் நரம்பையும் தாக்கும் என்பதால் மருத்துவமனையில் உடல் அளவைக் கணக்கிட்டு, பெரும்பாலும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல், ரத்தக் குழாய் வழியாக மட்டுமே ஏற்றுகிறார்கள்.