பூசணம் பூத்த புண்ணாக்கும் பாலில் இறங்கும் நஞ்சும்

மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்குச் சாக்கைப் பிரித்தால் சில சமயம் மஞ்சள் கலந்த பச்சைப் பொடியாகப் பூசணம் படிந்திருக்கும். அதைத் தட்டிவிட்டு, ஒரு நாள் வெயிலில் போட்டு, கறவை மாட்டுக்குக் கரைத்து வைத்துவிடுகிறார்கள். வெயில் பூசணத்தின் வளர்ச்சியைத்தான் நிறுத்தும். அதற்குள் அது உண்டாக்கிய அஃப்ளடாக்சின் நஞ்சு ஊறவைத்தாலும் வேகவைத்தாலும் போகாது.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் இந்த நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது. காரணம், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் இருந்த பூஞ்சை அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்.

கோழி, வாத்து, கன்று இவற்றுக்குப் பாதிப்பு அதிகம். வளர்ந்த மாடு சட்டென்று விழாது. தீவனம் குறையும், பால் வற்றும், உள்ளுக்குள் கல்லீரல் கெடும். மடி நோய், குடற்புழு என்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்போம், தீவனத் தொட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தின்ற நஞ்சில் ஒரு சிறு பங்கு எம்1 என்ற வடிவில் ஒரு நாளுக்குள்ளேயே பாலுக்கு வந்துவிடும். காய்ச்சினாலும் தயிராக்கினாலும் அழியாது. நம் நாட்டில் பாலுக்கு அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் பெரும்பாலும் தெளிந்துவிடும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

தடுப்பு வயலிலேயே தொடங்குகிறது. காய் முற்றும் பருவத்தில் செடி வாடினாலும், பறிக்கும்போது ஓடு உடைந்தாலும் பூஞ்சை உள்ளே போய்விடும். குலுக்கினால் கலகலவென்று ஓசை வரும்வரை காய வையுங்கள். பருப்பில் ஈரம் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சொத்தை, சுருங்கல், நிறம் மாறிய பருப்பைச் செக்குக்கு அனுப்பவே வேண்டாம். எண்ணெய் எடுத்தபின் நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கில்தான் தங்கும். சாக்குகளை மரச்சட்டத்தின் மேல், சுவரைவிட்டு ஓரடி தள்ளி அடுக்குங்கள். நஞ்சைப் பிடித்துவைக்கும் டாக்சின் பைண்டர் பொடியைக் கலந்துவிட்டோமே என்று பூசணத் தீவனம் போடுவது வீண் தைரியம்.

பூஞ்சையை அடக்கப் பூஞ்சையே உதவும்: விதைக் கடலை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் வேரழுகல் குறையும். பெனிசிலினும், மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரினும் பூஞ்சை தந்தவையே.

வான்கோழிகளைக் கொன்ற அதே ஃபிளேவஸின் மரபணுவை ஈஸ்டில் சேர்த்துத்தான் ராஸ்பூரிகேஸ் மருந்து தயாராகிறது. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் செல்கள் கூட்டமாக உடையும்போது யூரிக் அமிலம் ஏறிச் சிறுநீரகம் அடைபடாமல் அது காக்கிறது. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவருக்கு ஏற்றினால் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும் என்பதால், அந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகே ஊசி போட வேண்டும்.