எண்ணெய் பட்ட ஸ்டிக்கர் எப்படி ஸ்கேன் ஆகிறது?

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் தெரு டீக்கடையில் வடைச்சட்டிக்குப் பக்கத்திலேயே க்யூஆர் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். எண்ணெய் தெறித்து ஒரு பக்கம் கறுத்துவிட்டது, கொஞ்சம் உரிந்தும் போயிருக்கிறது. ஆனாலும் போனைக் காட்டினால் கடைக்காரர் பெயர் பிசகாமல் வருகிறதே, எப்படி?"

க்யூஆர் கோடு பிறந்ததே எண்ணெய்க் கறைக்கு நடுவில்தான். 1994-இல் ஜப்பானில் டென்சோ நிறுவனத்தின் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவினரும் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க இதை உருவாக்கினார்கள். தொழிற்சாலையில் அழுக்குப் படாத காகிதம் ஏது? அதனால் ஒரு பகுதி அழிந்தாலும் பிழைத்துக்கொள்ளும் வழியை முதலிலேயே உள்ளே வைத்துவிட்டார்கள்.

கறுப்புக் கட்டம் 1, வெள்ளைக் கட்டம் 0 என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எட்டுக் கட்டங்கள் சேர்ந்தால் 0 முதல் 255 வரை ஏதோ ஓர் எண். டீக்கடை ஸ்டிக்கரில் கடைக்காரரின் யுபிஐ முகவரியும் பெயரும் இப்படி எண்களாக மாறி உட்கார்ந்திருக்கின்றன. சரி, அதில் சில எண்கள் அழிந்தால்?

ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய எண்கள் 3, 5 இரண்டு மட்டுமே. முதல் கோட்டில் 3 உயரத்தில் ஒரு புள்ளி, இரண்டாம் கோட்டில் 5 உயரத்தில் ஒரு புள்ளி. ஸ்கேல் வைத்து இரண்டையும் இணைத்து நீட்டினால், அந்த நேர்கோடு மூன்றாம் கோட்டில் 7-ஐயும் நான்காம் கோட்டில் 9-ஐயும் தொடும். இப்போது 3, 5, 7, 9 என்று நான்கையும் எழுதி அனுப்புகிறேன். வழியில் 7 தப்பாகி, உங்கள் கைக்கு 3, 5, 6, 9 என்று வந்து சேர்கிறது. புள்ளி வைத்துப் பாருங்கள். மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கும், 6 மட்டும் விலகி நிற்கும். தப்பு நடந்தது தெரிகிறது, எங்கே நடந்தது என்று தெரிகிறது, அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்பதும் தெரிகிறது! நான் கூடுதலாக அனுப்பியதோ இரண்டே எண்கள்.

எண்கள் அதிகமானால் நேர்கோட்டுக்குப் பதில் வளைகோடு, அதாவது பள்ளியில் படித்த பல்லுறுப்புக் கோவை. க்யூஆர் கோடில் கணக்குப் போடும் முறை கொஞ்சம் வேறு என்றாலும் அடிப்படை இதுதான். ஒரு தப்பைத் திருத்த இரண்டு கூடுதல் எண்கள் வேண்டும். எட்டுக் கட்டங்களில் ஒன்று கெட்டாலும் எட்டுமே கெட்டாலும் ஒரு தப்பு என்றுதான் கணக்கு. எண்ணெய்த் துளி ஒரே இடத்தில் திட்டாக விழுவதால், பார்ப்பதற்குப் பெரிய சேதம் கணக்கில் சிறியதாகிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுவே.

இந்த யோசனை 1960-இல் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் ஐந்தே பக்கக் கட்டுரையில் எழுதியது. அவர்கள் பயன்படுத்திய எண் அமைப்பில், நம் 256 எண்களுக்குள் எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் வகுத்தாலும் விடை அந்த 256-க்குள்ளேயே வரும். பின்னமும் கிடையாது, பெரிதாகி வெளியே வழிவதும் கிடையாது. அந்த அமைப்புக்கு அடித்தளம் போட்ட எவரிஸ்ட் கால்வா, 1832-இல் துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு இறந்தபோது வயது 20. அவர் காலத்தில் அந்தக் கணக்கால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. இன்று பத்து ரூபாய் டீக்குப் பணம் போய்ச் சேர அதுதான் துணை. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டுத் தூய கணிதத்துக்கு நிதி மறுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். கால்வாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவரால் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

க்யூஆர் கோடில் நான்கு திருத்த நிலைகள் உண்டு. ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதச் சேதம் வரை அவை தாங்கும். பல ஸ்டிக்கர்களில் நடுவே நிறுவனச் சின்னம் இருக்கிறதே, அது பெரும்பாலும் கோடின் ஒரு பகுதியை மறைத்து மேலே ஒட்டியதுதான். தெரிந்தே செய்த சேதம், அதையும் இந்தக் கணக்குத்தான் சரிக்கட்டுகிறது.

ஆனால் கறையைத்தான் இது திருத்தும், மோசடியை அல்ல. அசல் மேல் யாராவது வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் அதையும் ஒழுங்காகவே படித்துக் காட்டும். ஆகவே பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள்.

இன்னொன்று, மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவற்றின் நடுவே எப்படிக் கோடு போட்டாலும் கறுப்பு, வெள்ளை அகலங்கள் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சடித்த தாள்களில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தேடிப் பார்த்து ஹாரா குழுவினர் எடுத்தது அது. போன் முதலில் தேடுவது அதைத்தான், அது கிடைக்காவிட்டால் மற்ற கட்டங்களைப் படிக்கவே ஆரம்பிக்காது. உங்கள் டீக்கடை ஸ்டிக்கர் உரிவது அந்த மூலைப் பக்கம் என்றால், அண்ணனிடம் இப்போதே புது ஸ்டிக்கர் வாங்கி ஒட்டச் சொல்லிவிடுங்கள்.