ஆஸ்டெரிட்டின்னா சிக்கனமா?

அரசாங்கம் தன் செலவ வெட்டுறதுக்குப் பேரு ஆஸ்டெரிட்டி. பேப்பர்லயும் டிவியிலயும் அத "சிக்கன நடவடிக்கை"ன்னு போடுறாங்க, எனக்கு மனசு ஒப்பவே மாட்டேங்குது. சிக்கனம்னா நல்ல குணம்ங்க, அம்மா எண்ணெய அளந்து ஊத்துறது, தன் கைக்காச தானே பாத்து செலவழிக்கிறது. இது அடுத்தவன் கூலியில கைவைக்கிறது.

வேர் கிரேக்கத்துல இருக்கு. ஆஸ்டெரோஸ்னா நாக்க வறள வைக்கிற ருசி, பழுக்காத பழம், கடுப்பான ஒயின் மாதிரி, அதுக்கும் அடியில 'உலர்ந்த'ங்குற பொருள். லத்தீன், பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து கடுமைன்னு ஆகி, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ரேஷன் வாழ்க்கைக்கும் பேராச்சு. இப்ப தமிழப் பாருங்க, துவர்ப்புன்னா அதே ருசி, பாக்க கடிச்சா வர்றது, துவர்தல்னா உலர்தல். எங்க நாகர்கோவில் பக்கம் தலை துடைக்கிற துண்டுக்கே துவர்த்துன்னுதான் பேரு. ரெண்டு மொழிக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல, ஆனா அந்த ருசியும் காயுறதும் ரெண்டுலயும் ஒண்ணா வந்து நிக்குது பாருங்க!

2010-க்கு அப்புறம் பிரிட்டன் அரசு செலவ வெட்டினப்ப கிரிமினல் கேஸ்ல வாதாடுற வக்கீல்களான பாரிஸ்டர்களும் மாட்டுனாங்க. காசில்லாதவங்களுக்காக வாதாட அரசு குடுக்குற லீகல் எய்ட் கட்டணத்த நம்பித்தான் அவங்கள்ல நிறைய பேர் இருக்காங்க, மாசச் சம்பளம் கிடையாது. 2006-லேர்ந்து வருமானம் சராசரியா 28 சதவீதம் கரைஞ்சுபோச்சுன்னு அவங்க சங்கம் சொல்லுச்சு. 2022 ஜூன் கடைசியில தலையில பொய்முடியும் கருப்பு கவுனுமா லண்டன் ஓல்டு பெய்லி கோர்ட் வாசல்ல வந்து நின்னாங்க, செப்டம்பர்ல காலவரையற்ற ஸ்ட்ரைக், கட்டணத்துல கூட்டிக் கேட்டது 25 சதவீதம், அக்டோபர்ல ஓட்டு போட்டு ஏத்துக்கிட்டது 15.

இதயும் "ஊதிய உயர்வு"ன்னு எழுதுறாங்க. நான் ஆஸ்டெரிட்டிக்கு செலவு வெட்டுன்னும் இதுக்கு கட்டண மீட்புன்னும்தான் எழுதுவேன், வெட்டுன கைய வச்சுத்தானே பேரு வைக்கணும். 2021-ல அரசுக்காக ஆய்வு பண்ணுன கிறிஸ்டோபர் பெல்லமியும் வருஷத்துக்கு 13.5 கோடி பவுண்டாவது கூடுதலா வேணும், பல வருஷம் கவனிக்காம விட்ட லீகல் எய்ட தேத்தி எடுக்க அதுதான் மொதல் படின்னு எழுதியிருந்தாரு.