ஐந்து ரூபாய்க் குற்றியும் ஒரு காந்தமும்: விளையாட்டு இயந்திரங்களின் விலை ஏறிய விதம்

திருகோணமலையில் பழைய வீடுகளின் அலுமாரியைக் கிளறினால் தடித்த மஞ்சள் நிற 5 ரூபாய்க் குற்றி ஒன்றாவது அகப்படும். 1984 தொடக்கம் 2004 வரை அடிக்கப்பட்டது அது. நிக்கல் கலந்த பித்தளை, எடை 9.5 கிராம். 2005இல் வந்த 5 ரூபாயை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விட்டம் ஒன்றுதான், 23.5 மில்லிமீற்றர். நிறமும் ஏறத்தாழ அதேதான். இப்போது ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோங்கள். பழையது அசையாது. புதியது துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே முழுவதும் உருக்கு, மேலே பித்தளைப் பூச்சு மட்டுமே.

கடை முதலாளிக்கு இரண்டும் 5 ரூபாய்தான். காசு போட்டு விளையாடும் இயந்திரத்துக்கோ இவை இரண்டும் வேறு வேறு பொருட்கள். ஏன் என்று தெரிந்துகொண்டால், அந்த விளையாட்டுகளின் விலை பாணைப் போல, பெற்றோலைப் போல ஏறாமல் வேறொரு வழியில் ஏறியதன் காரணமும் விளங்கும்.

இயந்திரத்தில் காசைச் சோதித்து ஏற்கும் பாகம் காசு வாங்கி. மின்னணுப் பாகம் எதுவுமில்லாத அதன் பழைய வகையை எடுத்துக்கொள்வோம். போட்ட காசு முதலில் சமநிலையில் நிற்கும் சிறிய நெம்பு ஒன்றில் விழுகிறது. அளவில் சிறிய காசு இடைவெளியால் நழுவி வெளியே வந்துவிடும். எடை போதாத காசுக்கு நெம்பு சரியாது. இரண்டிலும் தேறியது சரிவில் உருண்டு ஒரு நிலைக்காந்தத்தைக் கடக்கிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும்: காந்தப்புலத்தினூடாக நகரும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படும், லென்சின் விதிப்படி அது அந்த நகர்வையே எதிர்க்கும். அதனால் காசின் வேகம் குறைகிறது. எவ்வளவு குறையும் என்பதை உலோகத்தின் கடத்துதிறனும் எடையும் தீர்மானிக்கின்றன. சரியான காசு சரியான வேகத்தில் வந்து, ஓர் உலோக முனையில் பட்டுத் தெறித்து, ஏற்கும் வழிக்குள் விழும். போலிக் காசாகப் போடும் ஈயத் தகடு பாரமானது, மின்னைச் சரியாகக் கடத்தாது. ஆகவே வேகம் குறையாமல் பாய்ந்து தவறான வழியில் போய்விடும். உருக்கு என்றால் காந்தத்திலேயே ஒட்டி நிற்கும். பொத்தானை அழுத்தித்தான் அதைக் கீழே விழுத்த வேண்டும். பழைய 5 ரூபாய்க்கென்று சரிசெய்த வாங்கி ஒன்று புதிய 5 ரூபாயை இப்படித்தான் பிடித்து வைத்துக்கொள்ளும்.

காசு தேறிவிட்டால் கடைசியில் ஒரு மெல்லிய கம்பியைத் தட்டும். கம்பி ஓர் ஆளியை அமுக்கும். உள்ளே இருக்கும் கணினிக்கு ஒரு மின்துடிப்புப் போகும். அதற்குத் தெரிவது அந்தத் துடிப்பு மட்டுமே. காசின் பெறுமதியை அது அறியாது.

இந்தச் சிறு பெட்டிக்கு இருந்த செல்வாக்கு எனக்கு இன்றும் வியப்புத்தான். 1965இல் அமெரிக்கா 25 சதக் காசில் வெள்ளியைக் கைவிட்டபோது, செப்பு உள்ளகமும் செப்பு-நிக்கல் மேற்தகடும் கொண்ட காசைத் தெரிந்தெடுத்தது. வெள்ளிக்கென்று சரிசெய்யப்பட்ட இயந்திரங்கள் இந்தக் காசையும் ஏற்கும் என்பது அதற்கு முக்கியமான காரணம்.

1972இல் அட்டாரி நிறுவனத்தின் 'பொங்' வந்தபோது ஓர் ஆட்டத்துக்கு 25 சதம். 1990இலும் அங்கே பல இயந்திரங்கள் அதே 25 சதத்துக்கு ஓடின. இடையில் பொருட்களின் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அதாவது 1990இன் 25 சதத்துக்கு, 1972இன் கணக்கில் வெறும் 8 சதப் பெறுமதி. 30 சதமாகக் கூட்டியிருக்கலாமே என்றால், காசு வாங்கி அதற்கு இடங்கொடாது. அரை டொலர் காசு புழக்கத்தில் அரிது. 1979இல் வந்த ஒரு டொலர் காசு 25 சதக் காசைப் போலவே இருந்ததால் மக்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். எஞ்சியிருந்த ஒரே வழி இரண்டு காசு கேட்பது, அதாவது விலையை ஒரேயடியாக இரட்டிப்பது. 1983இல் லேசர் தட்டில் ஓடிய 'டிராகன்ஸ் லெயர்' 50 சதம் கேட்டது. படம் அவ்வளவு புதுமையாக இருந்ததால் சனம் கொடுத்தது. மற்ற இயந்திரங்களுக்கு அந்தத் துணிவு வரக் காலம் எடுத்தது.

ஆகவே விலை வேறு வழியால் ஏறியது. பிஸ்கட் பக்கற்றின் விலையைத் தொடாமல் உள்ளே இரண்டு பிஸ்கட்டைக் குறைப்பது போலத்தான். பந்தைத் தட்டி ஆடும் பின்போல் இயந்திரங்களில் ஓர் ஆட்டத்துக்கு 5 பந்து கிடைத்தது. 1970களில் அது 3 ஆனது. 'பக்-மான்' சுற்றுப்பலகையில் டிப் சுவிட்ச் எனப்படும் சிறிய ஆளிகள் வரிசையாக இருக்கும். ஒரு காசுக்கு ஓர் ஆட்டமா, இரண்டு காசுக்கு ஓர் ஆட்டமா, எத்தனை உயிர், எத்தனை புள்ளிக்கு மேலதிக உயிர் என்பதையெல்லாம் இயந்திரத்தின் சொந்தக்காரர் அங்கேதான் தீர்மானிப்பார். மூன்று உயிரை இரண்டாக்கலாம். ஒன்றாகக்கூட ஆக்கலாம். மேலதிக உயிரை 10,000 புள்ளியிலிருந்து 20,000க்குத் தள்ளலாம். விளையாடுபவருக்கு வெளியே எந்த மாற்றமும் தெரியாது. 1985இல் வந்த 'கோண்ட்லெட்' இதை வெளிப்படையாகவே செய்தது: ஒன்றும் செய்யாமல் நின்றாலும் உடல்நலப் புள்ளி இறங்கிக்கொண்டே இருக்கும், காசு போட்டால் ஏறும். நேரத்தைக் காசாக மாற்றும் கணக்கை இவ்வளவு நேராகத் திரையில் காட்டிய விளையாட்டு அதற்கு முன் நான் அறிந்து இல்லை.

ஜப்பானில் இந்தச் சிக்கல் இன்னும் இறுக்கமானது. அங்கே ஓர் ஆட்டத்தின் விலை 100 யென் காசில் நிலைத்துவிட்டது. 1989இல் 3 வீத நுகர்வு வரி வந்தது; பிறகு 5, 8, 2019இல் 10. கடையில் பொருளின் விலையோடு வரியைச் சேர்க்கலாம். இயந்திரத்தில் 110 யென் போட முடியாது. ஆகவே இன்று அந்த 100 யென்னில் ஏறத்தாழ 9 யென் வரியாகப் போக, 91 யென்தான் மிஞ்சும். 100க்கு அடுத்த காசு 500 யென். நடுவில் ஒன்றுமில்லை.

இந்தப் பூட்டைத் திறந்தது டோக்கன். இயந்திரம் ஒரு பித்தளை வில்லையை மட்டும் அறிந்திருந்தால் போதும். ஒரு டொலருக்கு நான்கு வில்லையா மூன்றா என்பதைக் கவுண்டரில் எழுதி ஒட்டலாம். பிறகு வந்த அட்டைகள் அதையும் தாண்டி, எந்த எண்ணையும் விலையாக்கின.

திருகோணமலைப் பெடியள் அறிந்த கேம் கடையில் கணக்குத் தலைகீழ். பிளேஸ்டேசனுக்கு மணித்தியாலக் கூலி. நேரம் மாறாது, விலை மட்டும் மாறும். தாளில் கைமாறும் பணம் என்பதால் எவ்வளவும் கூட்டலாம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஒரு வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. 20 ரூபாயில் பூட்டப்பட்ட இயந்திரம் ஒன்று அப்போது இருந்திருந்தால், முந்திய வருடத்தின் 12 ரூபாய்க்கு ஓடியிருக்கும். பிள்ளைகளின் பக்கம் நின்று பார்த்தால் மணிக்கணக்கே நேர்மையானது என்பது என் முடிவு. எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

அதே வருட மின்வெட்டுக் காலத்தை நினைத்தால் இன்னொரு வித்தியாசமும் புலப்படும். கேம் கடையில் கரண்ட் போனால் மிச்ச நிமிடத்தைக் கொப்பியில் குறித்துப் பிறகு விளையாட விடலாம். பழைய காசு இயந்திரம் பெரும்பாலும் உங்கள் ஆட்டக் கணக்கை மின் உள்ளவரை மட்டும் நிற்கும் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். மின் போனால் போட்ட காசும் போனதுதான். ஆனால் கதவுக்குப் பின்னால் பற்சக்கரத்தில் ஓடும் எண்ணி ஒன்று உண்டு. விழுந்த ஒவ்வொரு காசையும் அது சொந்தக்காரருக்காகக் குறித்து வைக்கிறது. மின்சாரம் நின்றாலும் அந்த எண்கள் அழிவதில்லை.