ஸ்டென்ட் வைப்பதற்கு முன் அந்தப் புள்ளியைப் பாருங்கள்

படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்று ஒருவர் வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது, முப்பது வருடமாக சிகரெட். ஆஞ்சியோவில் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு. சரி, பைபாஸ் என்று முடிவானது. அதற்கு முன் வழக்கமாக எடுக்கும் எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு வெள்ளைப் புள்ளி. "பழைய சளியா இருக்கும் டாக்டர்" என்றார் மகன். சி.டி. ஸ்கேனில் அதன் ஓரம் முள் முள்ளாகத் தெரிந்தது. சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியின் முடிவு, புற்றுநோய்.

இரண்டு நோயும் ஒருவரிடமே வருவது தற்செயல் அல்ல. ரத்தக் குழாயின் உள்சுவரையும் நுரையீரலின் செல்களையும் புகை ஒரே சமயத்தில் கெடுத்துக்கொண்டே வருகிறது. 1933-ல் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை முழுவதுமாக அகற்றி வெற்றி கண்டவர் அமெரிக்க அறுவை மருத்துவர் எவர்ட்ஸ் கிரஹாம். சிகரெட்டுக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய 1950-ஆம் ஆண்டு ஆய்விலும் அவர் பங்கு உண்டு. அவரும் புகைத்தவர்தான். பழக்கத்தை விட்ட பிறகும், 1957-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவர் காப்பாற்றிய அந்த நோயாளி அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. அடைத்த ரத்தக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு கம்பிவலைக் குழாயை வைத்து முடித்துவிட்டு, அப்புறம்தான் சிலர் இந்தப் புள்ளியோடு வருகிறார்கள். ஸ்டென்ட்டுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயிலேயே அது இருந்திருக்கும்; யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மருந்து தடவிய ஸ்டென்ட் வைத்தால், அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். சீக்கிரம் நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். நிறுத்தாமல் நுரையீரலில் கத்தி வைத்தால் ரத்தக்கசிவு. அத்தனை மாதம் புற்றுநோய் சும்மா இருக்காது.

எங்கள் நோயாளிக்கு இரண்டையும் ஒரே மேசையில் முடித்தோம். நெஞ்செலும்பை நடுவில் திறந்து, முதலில் இதயம். துடிக்கும் இதயத்திலேயே, இதய-நுரையீரல் இயந்திரம் இல்லாமல் பைபாஸ் செய்தோம். இயந்திரத்தில் இணைத்தால் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் அதிகம் தேவைப்படும், கசிவும் கூடும். இதயத்துக்குப் போதுமான ரத்தம் கிடைத்த பிறகுதான் நுரையீரலைத் தொடுவோம். அதற்குள் புரோட்டமைன் என்ற மருந்தைக் கொடுத்து ஹெப்பாரினின் வேலையை நிறுத்திவிடுவோம்.

மயக்க மருந்து நிபுணர் வலது நுரையீரலுக்குப் போகும் காற்றை மட்டும் நிறுத்தினார். கரிப்புள்ளிகள் படர்ந்த அந்த நுரையீரல் மெல்லச் சுருங்கியது. மேல் மடலையும் சுற்றியிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தோம். பிறகு நெஞ்சுக்குள் உப்புநீரை நிரப்பி, மிச்ச நுரையீரலுக்குக் காற்றைக் கொடுக்கச் சொன்னோம். தைத்த மூச்சுக்குழாய் முனையிலிருந்து குமிழி வருகிறதா என்று அறையே அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குமிழிகூட வரவில்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி இடது கீழ் மடலில் இருந்தால், முன்னால் இதயம் மறைக்கும். நெஞ்செலும்பு வழியாக எட்டுவது கடினம். நெஞ்சின் நடுவிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவியிருந்தால், பெரும்பாலும் மருந்துச் சிகிச்சைதான் முதலில். மூச்சுத்திறன் குறைவானவர்களுக்கும், மாரடைப்போடு அவசரமாக வருபவர்களுக்கும், முதலில் இதயம், சில வாரம் கழித்து நுரையீரல் என்று பிரித்துச் செய்வதே நல்லது. புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனையும் மூச்சுத்திறன் பரிசோதனையையும் பார்க்காமல் இதை முடிவு செய்ய முடியாது. சேர்த்துச் செய்வதில் சுமையும் ஆபத்தும் கூடும் என்பதைக் குடும்பத்திடம் மறைக்கக் கூடாது.

ஆஞ்சியோவுக்கு வருபவர்களிடம் நான் கேட்பது இதுதான்: எத்தனை வருடம் புகைத்தீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நுரையீரலில் ஏதாவது தெரிகிறது என்றால், ஸ்டென்ட்டுக்குச் சம்மதம் சொல்வதற்கு முன் இதய மருத்துவரும் நுரையீரல் மருத்துவரும் சேர்ந்து பேசச் சொல்லுங்கள். மாரடைப்பு வந்து கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் இதற்காகக் காத்திருக்க வேண்டாம். அப்போது உயிர்தான் முதலில்.

அப்புறம், பழைய எக்ஸ்ரேயோ ஸ்கேனோ பீரோவின் அடியில் கிடந்தாலும் தேடி எடுத்து வாருங்கள். கெட்டியான ஒரு புள்ளி இரண்டு வருடத்துக்கு மேல் அளவு மாறாமல் இருந்தால், பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது. அந்த ஒரு படத்தால் நுரையீரலில் கத்தி படாமலே போகலாம்.