சி.சி.: படகு எஞ்சினின் எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர்?

செவிலியர் ஊசியில் ஏற்றும் ‘2 சி.சி.’ மருந்தும், மாதிரிப் பந்தயப் படகின் ‘3.5 சி.சி.’ எஞ்சினும் ஒரே அலகால் அளக்கப்படுகின்றன. அது கன சென்டிமீட்டர், ஒரு சி.சி. என்பது ஒரு மில்லிலிட்டர். எதை அளக்கிறோம் என்பதில்தான் குழப்பம். கரையில் நின்று ரிமோட்டால் படகு ஓட்ட வரும் புதியவர்கள் பலர், சி.சி. என்றால் எஞ்சினின் சக்தி என்று எண்ணிக்கொள்கிறார்கள். எரிபொருள் தொட்டியின் அளவு என்று எண்ணுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு. உருளைக்குள் (சிலிண்டர்) பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகரும்போது எவ்வளவு இடத்தைக் கடக்கிறதோ, அந்த இடத்தின் அளவே சி.சி. எஞ்சின் ஒரு முறை இழுக்கும் மூச்சு என்று சொல்லலாம். 3.5 சி.சி. எஞ்சினின் மூச்சு ஒரு தேக்கரண்டிகூட நிறையாது.

‘பிஸ்டன்’ இத்தாலி மொழியில் உலக்கையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. உரலுக்குள் உலக்கை ஏறி இறங்குவதைப் பார்த்த நமக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. ‘கியூப்’ என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல் பகடைக் காயைக் குறித்தது. நாம் சொல்லும் ‘கனம்’ வடமொழி வழி வந்தது. அது நம் வழக்கில் எடையையும் குறிப்பதால், ‘கன சென்டிமீட்டர்’ என்றதும் பாரத்தை நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி வருவதே இங்கே கனம்.

இந்தப் பெருக்கலை மனத்தில் வாங்கிக்கொள்ளாமல் எஞ்சின் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1959இல் தொடங்கப்பட்ட நாவிகா என்னும் உலக மாதிரிக் கப்பல் அமைப்பின் எஃப்.எஸ்.ஆர்.-வி பந்தயங்களில், அதாவது பல படகுகள் சேர்ந்து நீண்ட நேரம் ஓடும் பந்தயங்களில், 3.5, 7.5, 15, 27 சி.சி. என்று பிரிவுகள் இருக்கின்றன. 27 என்பது 3.5ஐப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. ஆனால் எஞ்சின் எட்டு மடங்கு நீளமாக இருக்காது. ஒவ்வொரு பக்கமும் இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகிவிடும். கணக்குப் போட்டே பார்க்கலாம். உருளையின் விட்டம் 16.6 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 16 மி.மீ. என்றால் 3.46 சி.சி. வருகிறது. விட்டம் 34, தூரம் 28 என்றால் 25.4 சி.சி. விட்டம் இரட்டித்து, தூரமும் முக்கால் மடங்கு கூடியதற்கே இவ்வளவு வேறுபாடு.

சக்தியும் எட்டு மடங்காகுமா என்றால், ஆகாது. சிறிய எஞ்சினின் பிஸ்டன் இலேசானது, போய்வரும் தூரமும் குறைவு. ஆகவே நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழல முடிகிறது. பெரியது அந்த வேகத்துக்கு வருவதில்லை. மூச்சு பெரிது, ஆனால் எண்ணிக்கை குறைவு.

இனி தமிழ்ப் பெயர். ‘இடப்பெயர்ச்சி’ என்று எழுதுவோர் ‘டிஸ்பிளேஸ்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே மாற்றிவிடுகிறார்கள். இயற்பியல் பாடத்தில் அது ஒரு பொருள் இடம் மாறிய தூரத்தைக் குறிக்கிறது. படகு என்று வந்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது: மிதக்கும் படகு விலக்கும் நீரின் அளவுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஒரே படகுக்கு இரண்டு ‘இடப்பெயர்ச்சி’ இருந்தால் படிப்பவர் என்ன செய்வார்? ‘கொள்ளளவு’ நல்ல தமிழ், பலரும் அறிந்தது. தனியாக நின்றால் மட்டும் தொட்டியை நினைவூட்டுகிறது.

ஜெர்மானியர்கள் இதை ‘ஹூப்ராவும்’ என்கிறார்கள். ‘ஹூப்’ என்பது பிஸ்டனின் வீச்சு. ‘ராவும்’ என்பது வெளி. பிஸ்டன் ஒரு முறை போகும் ஓட்டத்தை வீச்சு என்று எழுதும் வழக்கம் நம்மிடமும் உண்டு. ஆகவே நான் வீச்சுக் கொள்ளளவு என்றே எழுதுகிறேன். எது கொள்கிறது, எதனால் கொள்கிறது என்ற இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. அலகைச் சி.சி. என்றே சொல்லலாம், அதைப் பிடுங்கி எறிய வேண்டிய தேவை இல்லை.

அமெரிக்க எஞ்சின்களில் எண் கன அங்குலத்தில் இருக்கும். ‘21’ என்று பெயர் பெற்ற எஞ்சின் உண்மையில் 0.21 கன அங்குலம். ஒரு கன அங்குலம் 16.387 சி.சி. என்பதால் அது சுமார் 3.44 சி.சி. ‘45’ ஏறக்குறைய 7.4, ‘90’ ஏறக்குறைய 14.7. பெட்ரோல் எஞ்சினின் ‘26’ மட்டும் சி.சி.யையே குறிக்கும். 21க்கும் 26க்கும் கொஞ்சம்தான் வேறுபாடு என்று நம்பி ஏமாந்தால், ஏழு மடங்கு சிறிய எஞ்சின் கைக்கு வந்து சேரும்.

எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது? 3.5, 7.5, 15 மூன்றும் மெத்தனால், எண்ணெய், நைட்ரோமீத்தேன் கலவையில் ஓடுபவை. 27 பெட்ரோலில் ஓடும். புல்வெட்டும் இயந்திரத்தின் வழி வந்த எஞ்சின் அது. 3.5 படகைக் கையில் தூக்கிப் போகலாம், சிறிய குளம் போதும். ஆனால் எரிபொருளும் காற்றும் சேரும் அளவை மாற்றும் கலவைத் திருகாணியை மிகச் சிறிது திருப்பினாலும் அதன் குணம் மாறும். தகுதிச் சுற்று 20 நிமிடம், இறுதிச் சுற்று 30 நிமிடம் என்று நீளும் பந்தயத்தில், நடுவில் அணையாத எஞ்சினே வெல்கிறது. பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொள்பவருக்கு 3.5 அருமையான ஆசிரியர். அகலமான நீர்ப்பரப்பும் பெரிய படகை ஏற்றிச் செல்ல வண்டியும் இருப்பவர் 27இல் தொடங்கலாம். எரிபொருள் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும், இரு வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) எண்ணெயை மட்டும் கலந்துகொள்ள வேண்டும். 15ஐ முதல் படகாக நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அதன் வேகத்தில் திருப்பத்தைத் தவறவிட்டால் அடுத்த படகின் மேல்தான் போய் ஏறும்.

வாங்குவதற்கு முன் உங்கள் குளத்தில் மற்றவர்கள் எந்தப் பிரிவில் ஓட்டுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். அங்கே எல்லாரும் 7.5 வைத்திருந்தால் 7.5தான் உங்கள் வீச்சுக் கொள்ளளவு.