சிதார் தந்தி அந்தா மூஞ்சியிலதான் அடிக்கும் தம்பிகளா

கிருஷ்ணகிரியில சிதார் சொல்லித்தர்றதும் தந்தி மாத்தித் தர்றதும்தான் எனக்குத் தொழில். போன வாரம் ஓசூர்ல இருந்து ஒரு தம்பி வந்தாரு, கிட்டார்ல எட்டாவது கிரேடு முடிச்சவரு, கண்ணுக்குக் கீழ பிளாஸ்திரி. என்னன்னு கேட்டா, கீபோர்டு வாசிக்கற ஃப்ரெண்டு எல்லாப் பாட்டையும் மூணு கட்டையில வாசிக்கறாராம், அதுக்கு ஒத்து வரணும்னு ஒன்றரை கட்டையில இருந்த சிதாரை முறுக்கிட்டே போயிருக்காரு, மெயின் தந்தி அந்து அடிச்சிருச்சு. ஒரு விரக்கடை மேல பட்டிருந்தா கண்ணு. இந்த வருசத்துல இது மூணாவது ஆளு, அதான் உக்காந்து எழுதறேன்.

ஒன்றரை கட்டைதானே கூட வெச்சேன்னு சொல்லாதீங்க. அதுக்கே தந்தியோட இழுவிசை 40 சதவீதத்துக்கு மேல ஏறிரும். சிதார் மேதை பண்டிட் ரவிசங்கர் வாசிச்சதே ஒன்றரையை ஒட்டித்தான். கீபோர்டுல கட்டையை மாத்தற ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கு சாமி, அதை அமுக்கச் சொல்லுங்க.

ஆனா என்னை நெசமா கடுப்பேத்தறது இந்த ட்யூனர் ஆப்தான். பச்சை லைட் எரிஞ்சுது, சுருதி சரியா இருக்கு, நீங்க எதுக்கு மறுபடி மாத்தறீங்கன்னு என்கிட்டயே கேக்கறாங்க. பச்சை லைட்டு கீபோர்டுக்குப்பா. கீபோர்டுல 12 சுரத்தையும் சமமா பங்கு போட்டு வெச்சிருக்கு, எந்தக் கட்டையில வேணா வாசிக்கறதுக்காக அப்படி, அது தப்பில்ல. ஆனா தம்புரா நல்லா சேர்ந்திருக்கறப்போ யாரும் மீட்டாமலே ஒரு காந்தாரம், அதான் ச ரி க-வுல வர்ற 'க', கேக்கும் பாருங்க, சுயம்பு காந்தாரம்னு சொல்லுவோம், ஆப் காட்டற காந்தாரம் அதை விட 14 சென்ட் தூக்கலு. ஒரு அரைக்கட்டையை நூறா வெட்டினா அதுல 14 பங்கு. இதெல்லாம் ஒரு வித்தியாசமான்னா, சிதார்ல வித்தியாசம்தான், ஏன்னா அடியில பதினொண்ணோ பதிமூணோ தரப் தந்தி இருக்கு, சுரம் சரியா விழுந்தா அதுங்க தானா சேர்ந்து பாடும், கொஞ்சம் தள்ளிப்போனா ஊமையா நிக்கும். தரப்பைக் காதுல சேர்த்துட்டு, மெட்டை, அதான் தண்டு மேல குறுக்க இருக்கற கம்பியை, ஆப்ல வெச்சுட்டு, சிதார்ல சவுண்டே இல்ல, ஜவாரி (தந்தி உக்கார்ற பாலத்தோட மேல்பக்கம்) போயிருச்சு, சீவிக் குடுங்கன்னு தூக்கிட்டு வர்றாங்க. ஜவாரி ஒண்ணும் ஆகல.

மெட்டை நூல்ல கட்டியிருக்கறதே தள்ளி வெக்கத்தான், வீணை மாதிரி மெழுகுல பதிச்சது இல்ல. தர்மபுரியில இருந்து ஒருத்தரு, மெட்டு நகருதுன்னு அத்தனையையும் பசை போட்டு ஒட்டிட்டு வந்தாரு. நான் ஒண்ணும் பேசல, உள்ள போயி தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

கைக்கு வர்றேன். கிட்டார்ல கீழ போற அடிதான் பலமா விழும், இங்க பலமான அடி 'தா', விரலை உள்ள மடக்கி மேல வர்றது, 'ரா' அதுக்குத் திருப்பி, உங்க கை பத்து வருசமா பழகினதுக்கு நேர் எதிரு. அதனால முதல் ஒரு மாசம் தா ரா மட்டும் போடுங்க, பாட்டு வேணாம். இடது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும், சுண்டு விரல் துடிக்கும், துடிக்கட்டும். தண்டைத் தாங்கறது இடது கையோட வேலை இல்ல, வலது முழங்கை குடத்து மேல அழுந்தினா அதுவே நிக்கும். மிஸ்ராப், அதான் மீட்டறதுக்கு விரல்ல மாட்டற கம்பி, இறுகி விரல் மரத்துப்போச்சுன்னா கழட்டி கம்பியைக் கொஞ்சம் விரிச்சு விடுங்க. மீண்ட், அதான் தந்தியைப் பக்கவாட்டுல இழுத்து சுரத்தை வழுக்கறது, இழுக்கறதுக்கு முன்னாடி விரல்ல ஒரு சொட்டு தேங்காண்ணெய். விரல் நுனியில தந்தி கோடு பதியறது சகஜம், ரத்தம் வர்றது சகஜம் இல்ல, அதை போட்டோ எடுத்து சாதகம்னு ஸ்டேட்டஸ் வெக்காதீங்க கண்ணுங்களா, ரெண்டு நாள் கையை விடுங்க.

தந்தி மாத்தறப்போ கண்ணாடி போட்டுக்குங்க, பைக் ஓட்டற கண்ணாடி போதும். மூஞ்சியைத் தந்திக்கு நேரா வெச்சு குனிஞ்சு பாக்காதீங்க. அப்புறம் மாங்கா சீசன் வெயில்ல மத்தியான பஸ்ல சிதாரைக் கொண்டு வராதீங்க, காலையில ஏழு மணி பஸ்ஸைப் பிடிங்க. குடம் காஞ்ச சுரைக்காய்தான், கீறல் விட்டா என்னால ஆகாது, மகாராஷ்டிராவுல சிதார் செய்யற ஊரான மிரஜுக்குத்தான் அனுப்பணும், எப்பத் திரும்பி வரும்னு என்கிட்ட கேக்கவும் கூடாது.